மார்லெனியின் அளவு

ஓமாய்ராவுக்கு வேன் ஓட்டுவதில் ஒரே ஒரு சங்கடம்தான். சீட்டை முன்னால் இழுத்தால் நெஞ்சு ஸ்டீயரிங்கில் இடிக்கும். பின்னால் தள்ளினால் கால் கிளச்சுக்கு எட்டாது. குட்டையான ஆள், ஒடுக்கமான தோள், கையும் காலும் குச்சி குச்சியாக இருக்கும். இந்த உடம்பில் இவ்வளவு பெரிய நெஞ்சை யார் கொண்டுவந்து வைத்தார்கள் என்று பார்க்கிற யாருக்கும் தோன்றும். வைத்தது டாக்டர். வைக்கச் சொன்னது புருஷன். அளவு ஓரகத்தியுடையது. இவள் போய்ப் படுத்தாள், அவ்வளவுதான்.

நான் ஃபாபியோலா. அந்தப் பள்ளி வேனில் பிள்ளைகளை ஏற்றி, உட்கார வைத்து, இறக்கிவிடுகிறவள். மெதெயின் ஊரில் மன்ரிக்கே மேடு என்றால் தெரியும்தானே, சுவரில் ஏறுவது மாதிரி ஏற வேண்டும். அந்த மேட்டில் கிளச்சை மிதித்து மிதித்து, பக்கவாட்டில் சாய்ந்து உட்கார்ந்து உட்கார்ந்து, ஓமாய்ராவின் முதுகெலும்பே கோணிப்போயிருந்தது. சாயங்காலம் கடைசிப் பிள்ளையை இறக்கிவிட்டு எஞ்சினை அணைத்ததும் இரண்டு கையாலும் நெஞ்சை அடியிலிருந்து தாங்கிக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருப்பாள். சந்தையிலிருந்து பை தூக்கி வந்தவள் திண்டில் இறக்கி வைப்பாளே, அந்த மாதிரி. நான் வேறு பக்கம் பார்த்துக்கொள்வேன்.

கதை எங்கே தொடங்கியது என்றால், கில்டார்டோ டாக்ஸி வாங்கிய வருஷத்தில். எங்கள் மேட்டில் அந்தக் காலத்தில் ஒருத்தன் தலையெடுத்தான் என்றால் வீட்டுக்கு இரண்டாம் மாடி போடுவான், அடுத்து பெண்டாட்டிக்கு ஆபரேஷன் பண்ணி சிலிக்கான் நெஞ்சு போடுவான். வரிசை மாறினாலும் மாறும். இரண்டும் தெருவில் போகிறவர் கண்ணில் படுகிற சமாச்சாரம். கில்டார்டோவின் அண்ணன் கறிக்கடைக்காரன். அவன் முந்திக்கொண்டு தன் பெண்டாட்டி மார்லெனிக்குப் போட்டுவிட்டான். மார்லெனி வாட்டசாட்டமானவள், வாசலில் நின்றால் உள்ளே வெளிச்சம் வராது. அவளுக்கு அது பொருந்தித்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. சனிக்கிழமை ஆட்டத்துக்கு அவள் வந்தால் பாட்டுக்காரன் வரி மறந்துபோவான்.

கில்டார்டோவுக்குப் பொறுக்கவில்லை. இருபத்தி இரண்டு வயசு ஓமாய்ராவைக் கூட்டிக்கொண்டு போய் டாக்டர் முன்னால் உட்கார வைத்து, "எங்க அண்ணிக்குப் போட்ட அதே நம்பர் போட்டுடுங்க டாக்டர், நானூறு சி.சி.," என்றான். அந்த ஆளும் அவசரக்காரர். நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சரி என்றார். எங்கள் ஊரில் இது ஒன்றும் புதுசு இல்லை. அக்காவுக்கு எத்தனை, சிநேகிதிக்கு எத்தனை, அதையே எனக்கும் போடுங்கள் என்று கேட்கிற வழக்கம்தான். பக்கத்து வீட்டுக்காரியின் அளவு ஜாக்கெட்டைத் தையல்காரனிடம் கொடுத்துவிட்டு வருகிற மாதிரி. ஜாக்கெட் என்றால் பிரித்துத் தைக்கலாம்.

அவள் ஒரு வார்த்தை மறுத்தாளா என்று கேட்டிருக்கிறேன். "ஆசையா செஞ்சாருக்கா. வேண்டாம்னு எப்படிச் சொல்றது?" என்றாள். அவளுக்கு எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான், "ஆகட்டும்." வேன் ரூட்டை மாற்றினாலும் ஆகட்டும், பண்டிகைக்கு இருபது பேருக்கு பீன்ஸ் வேகவைக்கச் சொன்னாலும் ஆகட்டும். எனக்குச் சில நாள் அவளைப் பிடித்து உலுக்க வேண்டும் போல ஆத்திரம் வரும்.

குப்புறப் படுத்துத் தூங்குகிறவள் அன்றோடு அதை விட்டாள். கரோல் பிறந்தபோது பால் கொடுக்கையில் பிள்ளையின் முகமே தெரியவில்லையாம், எட்டிப் பார்க்க வேண்டுமாம். பிள்ளை வளர்ந்தது, கல்லூரிக்குப் போனது, கணக்கியல் படித்தது. கில்டார்டோவுக்கு முடி கொட்டியது. ஓமாய்ராவின் நெஞ்சு மட்டும் அப்படியே இருபத்தி இரண்டு வயசில் நின்றது. மற்றதெல்லாம் அதைச் சுமந்துகொண்டு வயசானது.

போன வருஷம் எங்கள் வேனில் வரும் சலோமே என்கிற சுட்டிப்பெண் இறங்கும்போது வழக்கம்போல அவளைக் கட்டிக்கொண்டு சொன்னாள், "ஓமாய்ரா, உனக்கு ஒரு பக்கம் பஞ்சு, ஒரு பக்கம் செங்கல்!"

பிள்ளைகள் எல்லாம் கொல்லென்று சிரித்தன. இவளும் சிரித்தாள். கடைசிப் பிள்ளையும் இறங்கட்டும் என்று காத்திருந்தேன்.

"எத்தனை நாளா இப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"தெரியலக்கா. வலிக்கும், அப்புறம் பழகிடும்."

"பழகிடுமா? வலி என்ன உன் மாமியாரா, பழகிப்போறதுக்கு? வா டாக்டர்கிட்ட."

"லீவு விடட்டும்."

"லீவும் வேண்டாம் ஒரு மண்ணும் வேண்டாம். நாளைக்கே போறோம்."

இந்த முறை வேறு டாக்டர், ஒரு டாக்டரம்மா. எச்செவெரி என்று பெயர், ஐம்பது வயசு இருக்கும், கண்ணுக்குக் கீழே கருவளையம், பேச்சில் சர்க்கரை கிடையாது. படம் எடுத்துப் பார்த்துவிட்டு, "வலது பக்கம் உள்ள கிழிஞ்சிருக்கு. சுத்தி நீர் கட்டியிருக்கு. ரெண்டையும் எடுத்துடணும். எடுத்துட்டு உடனே புதுசு வைக்க மாட்டேன். சதை ஆறட்டும், சில மாசம் ஆகும். அப்புறம் வாங்க. வைக்கிறதா வேண்டாமா, வைச்சா எவ்வளவுன்னு பேசுவோம்," என்றார்.

கில்டார்டோ பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். அவன் காதில் விழுந்தது கடைசி வார்த்தை மட்டும்தான். "நானூறுதான் டாக்டரம்மா. பழையதே," என்றான்.

டாக்டர் அவனைப் பார்க்காமல் ஓமாய்ராவைப் பார்த்தார். "யோசிச்சுட்டு வாங்க. நீங்க," என்றார்.

எடுத்தாயிற்று. கட்டைப் பிரித்த அன்று நான்தான் கூட இருந்தேன். தோல் தொய்ந்து, காற்றுப் போன பலூன் மாதிரி இருந்தது. எனக்குக் கண் கலங்கியது. அவள் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "லேசா இருக்குக்கா," என்று மட்டும் சொன்னாள். அன்றைக்குக் குப்புறப் படுத்துத் தூங்கினாளாம். காலையில் தலையணையெல்லாம் எச்சில் என்று வெட்கத்தோடு சொன்னாள்.

அதற்குப் பிறகுதான் பிடித்தது சனியன்.

எங்கள் ஊரில் நெஞ்சு போடப் போகிறவர்கள் அரிசி கட்டிப் பார்ப்பார்கள். நைலான் காலுறையை வெட்டி, அரிசியை அளந்து போட்டு, முடிச்சுப் போட்டு, உள்ளாடைக்குள் வைத்துக்கொண்டு நடமாடிப் பார்ப்பது. கண்ணாடியில் எப்படித் தெரிகிறது, சட்டை எப்படி உட்காருகிறது, தெருவில் யார் திரும்பிப் பார்க்கிறார்கள். டாக்டர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள், அரிசி வேறு சிலிக்கான் வேறு என்று. யார் கேட்டார்கள்? எச்செவெரி டாக்டரின் வாசலில் வரிசையில் உட்கார்ந்திருக்கிற பெண்களைக் குலுக்கினால் ஒரு ஊருக்குச் சோறாக்கலாம்.

முதல் அரிசி மார்லெனி கொண்டுவந்தது. அவள் இதற்குள் தன்னுடையதை ஒருமுறை மாற்றியிருந்தாள்.

"நானூறெல்லாம் இப்ப வேண்டாம்டி. நானே குறைச்சுட்டேன். இது முன்னூத்தி இருபத்தஞ்சு, எனக்கு வெச்ச அதே அளவு. கட்டிப் பாரு," என்றாள்.

"ஏன் மார்லெனி, மறுபடியும் உன் அளவுதானா?" என்று நான் கேட்டேன்.

"என் அளவுக்கு என்ன குறைச்சல்? என் புருஷன் இன்னும் வீட்லதான் சாப்பிடுறான்," என்றாள் அவள். அவளிடம் வாய் கொடுக்க முடியாது.

கில்டார்டோ இரண்டு நாள் பேசாமல் இருந்துவிட்டு, பழைய அளவுக்குத் தானே அரிசியை அளந்து கட்டிக்கொண்டுவந்து மேஜையில் வைத்தான். "நம்பரை மாத்தினா ஊர்ல என்ன ஏதுன்னு கேப்பாங்க," என்றான். கரோல் போனில் நாலு படம் காட்டி, "அம்மா, அந்தக் காலத்து அளவெல்லாம் போட்டா சிரிப்பாங்கம்மா. இருநூத்தம்பது போதும். பாக்கவே தெரியாது, ஆனா இருக்கும்," என்று அவள் பங்குக்கு ஒன்று கட்டினாள். மளிகைக்கடைக்காரி அரிசி நிறுக்கும்போதே, "யாருக்கு? ஓமாய்ராவுக்கா? அவ முகத்துக்கு முன்னூறு," என்றாளாம். வேனில் பிள்ளையை ஏற்ற வருகிற தாய்மார்களும் ஆளுக்கொரு நம்பர் சொன்னார்கள். லாட்டரிச் சீட்டு மாதிரி ஆகிவிட்டது அவள் பிழைப்பு.

அவளும் ஆகட்டும் ஆகட்டும் என்று எல்லாவற்றையும் மாற்றி மாற்றிக் கட்டிக்கொண்டு வேன் ஓட்டினாள். புழுக்கத்தில் அரிசி வியர்வையில் ஊறிப் புளித்த வாடை அடிக்கும். ஒரு நாள் இடது பக்கம் கீழே இறங்கி வயிற்றில் தொங்கியது. எனக்கு எரிச்சலான எரிச்சல்.

"ஏட்டி, இதையெல்லாம் தூக்கிக் கடாசு. ஒண்ணுமே வேண்டாம்னு சொல்லு. என்னைப் பாரு, கடவுள் கொடுத்தது இடுப்புக்கு வந்துடுச்சு, நான் செத்தா போயிட்டேன்? ஒண்ணும் வைக்காதே. நான் சொல்றேன்."

அவள் கண்ணாடியில் பின்னால் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், "நீயும் ஒரு நம்பர் சொல்றியாக்கா? பூஜ்யமும் நம்பர்தானே."

எனக்குச் சுருக்கென்றது. கொஞ்ச தூரம் போனபிறகு அவளே பேசினாள்.

"கோவிச்சுக்காதே. எல்லாரும் நல்லதுக்குத்தான் சொல்றீங்க. எனக்குன்னு ஒண்ணு தோணட்டும்னு நானும் பாக்குறேன், தோணவே மாட்டேங்குது. அதான் பயமா இருக்கு. இப்பவும் வாயத் திறக்கலன்னா, மறுபடியும் யாரோ ஒருத்தரோட நம்பரைத் தூக்கிட்டுத்தான் சாகற வரைக்கும் நடக்கணும். எனக்கு முடியலக்கா. அசந்துபோச்சு."

அவ்வளவு நீளமாக அவள் பேசி நான் கேட்டதில்லை. நான் பின்னால் திரும்பி, சும்மா இருந்த பையனை சும்மா இரு என்று அதட்டினேன்.

அந்த வாரத்திலேயே நடந்தது அது. மேட்டில் எங்களுக்கு முன்னால் போன பஸ் திடீரென்று நின்றுவிட்டது. ஓமாய்ரா பிரேக்கை ஓங்கி மிதித்தாள். சீட் பெல்ட் இறுகியது. கில்டார்டோ கட்டிய முடிச்சு படாரென்று விட்டுவிட்டது. சட்டைக்குள்ளிருந்து அரிசி கொட்டுகிறது, கொட்டுகிறது, நிற்கவே இல்லை. மடியில், சீட்டில், கிளச்சுக்கடியில், எல்லா இடத்திலும் அரிசி.

"ஓமாய்ரா ஒழுகுறா! ஓமாய்ரா ஒழுகுறா!" என்று பிள்ளைகள் ஒரே ஆர்ப்பாட்டம். சலோமே பெல்ட்டைக் கழற்றிக்கொண்டு முன்னால் ஓடிவந்து கை நிறைய அள்ளினாள். "இது வெந்த அரிசியா வேகாத அரிசியா?" என்று ஒருத்தன் கேட்டான். பின்னால் நின்ற வண்டியெல்லாம் ஹாரன் அடிக்கிறது. ஓமாய்ரா வண்டியை ஓரம் கட்டிவிட்டுச் சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பு, மூச்சு வாங்க, ஸ்டீயரிங்கில் தலையை வைத்துக்கொண்டு. பிள்ளைகளும் சிரித்தன. கொஞ்ச நேரம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது, அவள் சிரிக்கவில்லை, அழுகிறாள். பிள்ளைகளை நான் பாட்டுப் பாடச் சொன்னேன். அவள் மூக்கைச் சிந்திவிட்டு, மற்ற பக்கத்து மூட்டையையும் எடுத்து என் கையில் கொடுத்தாள். அது கதகதவென்று இருந்தது. அன்றோடு அரிசி கட்டுவது நின்றது.

ஊர் பார்த்தது. பார்க்கட்டும். வீட்டில் கில்டார்டோதான் ஒடுங்கிப்போனான். அவனைக் கெட்டவன் என்று சொல்லிவிட்டால் எனக்கு வேலை சுலபம், ஆனால் அவன் கெட்டவன் இல்லை. கை நீட்டினதில்லை, குடித்துவிட்டு வந்ததில்லை, ஆபரேஷன் முடிந்த வாரம் அவளுக்கு அவனேதான் தலை சீவிவிட்டான், கோணலும் மாணலுமாக. ஒரு நாள் என்னைத் தெருவில் நிறுத்தி, டாக்ஸி ஜன்னல் வழியாகவே சொன்னான், "அவ பாதியாயிட்ட மாதிரி இருக்குக்கா. என்னால நிமிந்து பாக்க முடியல."

"பாரு தம்பி. அவதான் அது."

"இத்தனை வருஷமா அவளை எனக்கு அப்படித்தானே தெரியும்? இது யாரோ மாதிரி இருக்கு," என்றான். ஒரு சவாரி கை காட்டியது. போய்விட்டான்.

டாக்டர் வரச்சொன்ன நாள் வந்தது. எங்கள் ஊரில் இதற்குத் தனியாக யாரும் போவதில்லை, கல்யாணப் புடவை எடுக்கப் போகிற மாதிரி குடும்பமே போகும். கில்டார்டோ, கரோல், நான். யாரும் கூப்பிடாமலே மார்லெனி, கையில் ஒரு டப்பா அரெப்பா ரொட்டியோடு. டாக்டர் எங்கள் கூட்டத்தைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, நாற்காலி போடச் சொன்னார்.

அளந்தார். நாடாவை வைத்துத் தோள்பட்டை எலும்பிலிருந்து கீழே வரை, பிறகு கவராயம் மாதிரி ஒரு கருவியை வைத்து ஒவ்வொரு பக்கத்தின் அகலம், பிறகு விரலால் தோலைக் கிள்ளி அதன் கனம். ஓமாய்ரா கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். டாக்டர் மறுபடியும் அளந்தார். பிறகு எடுத்த பழசைப் பற்றிய குறிப்பைத் திரையில் பார்த்தார்.

"நெஞ்சு எவ்வளவு அகலமோ அதுக்குள்ளதான் ஒண்ணு உக்காரும். அதுதான் முதல் கணக்கு. எத்தனை சி.சி. எல்லாம் அதுக்கப்புறம்," என்றார். "உங்களுக்கு வெச்சிருந்தது உங்க நெஞ்சைவிட அகலம். உள்ள இடம் இல்லாம ஓரம் மடிஞ்சு கிடந்திருக்கு. மடிஞ்ச இடத்துலதான் கிழிஞ்சிருக்கு. முதல் நாள்லேருந்தே அது உங்களுக்கானது இல்ல. யார் எடுத்தது இந்த அளவு?"

கில்டார்டோ சுவரில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்தான். மார்லெனிதான், அவளுக்கு மறைக்கத் தெரியாது, டப்பாவை மடியில் பிடித்துக்கொண்டு சொன்னாள், "அளவெல்லாம் எடுக்கல டாக்டரம்மா. அது என்னோடது."

டாக்டர் அவளையும் ஓமாய்ராவையும் மாறி மாறிப் பார்த்தார். எழுந்து அலமாரியிலிருந்து மாதிரிகளை எடுத்துவந்து மேஜையில் வைத்தார். ஓமாய்ராவின் அகலத்துக்குப் பொருந்துகிற சின்னவை மட்டும். ஒவ்வொன்றாக ஒரு பனியன் உள்ளாடைக்குள் வைத்து அவளைக் கண்ணாடி முன்னால் நிறுத்தினார். உடனே ஆரம்பித்தது கச்சேரி.

"இது நல்லாருக்கும்மா, இதான்," என்றாள் கரோல்.

"ஐயே, எலுமிச்சங்காய் மாதிரி. அடுத்ததைக் காட்டுங்க," என்றாள் மார்லெனி.

"இதுக்கு மேல பெருசு கிடையாதா?" என்றான் கில்டார்டோ.

"நீங்க மூணு பேரும் கொஞ்சம் சும்மா இருங்க," என்றார் டாக்டர். "ஓமாய்ரா, உங்களுக்கு எது வேணும்?"

"எனக்கா?" என்றாள் அவள். பழக்கதோஷம், தலை தானாகக் கில்டார்டோ பக்கம் திரும்பியது. பாதியில் நிறுத்திக்கொண்டாள். கண்ணாடியில் தன்னையே வெகுநேரம் பார்த்தாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், ஆகட்டும் என்று மட்டும் சொல்லிவிடாதேடி என்று.

"டாக்டரம்மா, ஒண்ணு கேக்கலாமா? முதல்ல எனக்கு எவ்வளவு இருந்துச்சு?"

"முதல்லன்னா?"

"இதெல்லாம் வைக்கிறதுக்கு முன்னாடி. என்னோடது. அது எவ்வளவோ, அதையே வைக்க முடியுமா?"

டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் குரல் முதல் முறையாக மெதுவாக வந்தது. "படம் எதாவது இருக்கா? அந்த வயசுல எடுத்தது?"

பழைய டாக்டர் கடையை மூடிக்கொண்டு எந்தக் காலமோ ஆயிற்று. கல்யாணப் படம் ஒன்று இருக்கிறது, அதில் பூச்செண்டை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருக்கிறாள். கரோல் அப்போது பிறக்கவே இல்லை. எனக்கு அவளைப் பிறகுதான் பழக்கம்.

"உங்களுக்கு ஞாபகம் இல்லையா?" என்று டாக்டர் கேட்டார்.

"யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன் டாக்டரம்மா. ஞாபகம் வரல. அப்ப நான் என்னைப் பாத்துக்கிட்டதே இல்ல போலருக்கு."

டாக்டர் கில்டார்டோ பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. கல்யாணத்துக்கப்புறம்தானே போட்டீங்க?"

பாவம், அவன் முகம் செக்கச்செவேல் என்று ஆனது. "சின்னதுதான்," என்றான்.

"எவ்வளவு சின்னது?"

கில்டார்டோ வலது கையைத் தூக்கினான். விரல்களைக் குவித்து ஒரு கிண்ணம் மாதிரி வைத்தான். பார்த்தான். கொஞ்சம் விரித்தான். அப்புறம் சுருக்கினான். நெற்றியில் வியர்த்தது. மறுபடி விரித்தான். அந்தக் கை காற்றில் எதையோ தேடுகிற மாதிரி அங்கேயே நின்றது. எனக்குப் பார்க்க முடியவில்லை.

"அவ்வளவு சின்னதெல்லாம் இல்ல," என்றாள் மார்லெனி. "நான் பாத்திருக்கேன், ஆத்துக்குக் குளிக்கப் போனப்ப. இன்னும் கொஞ்சம் இருந்துச்சு."

"இல்ல அண்ணி, இவ்வளவுதான்."

"அப்ப இந்த ரெண்டாவது மாதிரி அளவா இருக்கும்பா. அதை எடுத்துக் கையில வெச்சுப் பாரேன்," என்றாள் கரோல்.

மூன்று பேரும் மேஜை மேல் குனிந்து, ஓமாய்ராவின் பழைய நெஞ்சு எது என்று மாதிரிகளுக்குள் தேட ஆரம்பித்தார்கள்.

ஓமாய்ரா அந்த உள்ளாடையைக் கழற்றி, உள்ளிருந்த இரண்டையும் எடுத்து, டாக்டர் கையில் கொடுத்தாள். சட்டையை மாட்டிக்கொண்டாள். பொத்தான்களைக் கீழிருந்து மேலாக, அவசரமில்லாமல் போட்டாள்.

"ஒண்ணும் வைக்க வேண்டாம் டாக்டரம்மா. யாரும் சொல்லிக் கொடுக்கல, நானே சொல்றேன். தோலை மட்டும் தைச்சுச் சரி பண்ண முடிஞ்சா பண்ணுங்க. இல்லன்னா அதுவும் வேண்டாம்."

"அவசரம் இல்ல. இன்னும் யோசிக்கலாம்," என்றார் டாக்டர்.

"யோசிச்சுட்டேன். இந்தப் பேச்சு இன்னியோட முடியட்டும்."

மார்லெனி வாயைத் திறந்தாள். அவள் காலை நான் மிதித்தேன். நல்லா மிதித்தேன்.

மார்லெனியும் கரோலும் மெட்ரோவுக்கு நடந்துவிட்டார்கள். பள்ளிவிடும் நேரம் நெருங்கிவிட்டதால் எங்கள் இருவரையும் வேன் நிற்கிற இடத்தில் விடுவதாக கில்டார்டோ டாக்ஸியில் ஏற்றிக்கொண்டான். ஓமாய்ரா முன்னால் உட்கார்ந்தாள், நான் பின்னால். அவன் சாவியைப் போட்டான், திருப்பவில்லை. ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டு இருந்தான்.

"நிஜமாவே ஞாபகம் இல்ல ஓமாய்ரா," என்றான். "ரெண்டு வருஷம் கூட இருந்தோம் அதுக்கு முன்னாடி. எவ்வளவு நினைச்சுப் பாத்தாலும் வரமாட்டேங்குது."

அவள் கோபப்படவில்லை. கோபப்படத் தெம்பு வேண்டும். அவன் தோளில் கையை வைத்து, பிள்ளைகளிடம் சொல்கிற அதே குரலில் சொன்னாள்.

"பாத்திருந்தா ஞாபகம் இருந்திருக்கும்."

அவன் கை சாவியிலேயே இருந்தது.

"வண்டிய எடு," என்றாள். "பிள்ளைங்க வெளிய வர்ற நேரமாச்சு."